வேலையில்லாத நாளில் ஒரு பெரட்டு

காலை நாலரைக்குத் திருப்பூரில் பஸ் ஏறினேன். மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் அண்ணன் ரவியின் நீலச் சட்டை. மஞ்சள்காமாலையில் அவன் போய் அன்றைக்குப் பதினைந்தாவது நாள். திருப்பூரிலேயே மின்மயானத்தில் எரித்துவிட்டோம். பனியன் கம்பெனியில் அவனோடு வேலை பார்த்த நாலு பேர் வந்தார்கள். இரும்புக் கதவு மூடின சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை.

ஒன்பதே முக்காலுக்கு ஊட்டி. நீலகிரி பார்க்க வருகிறவர்கள் பாதிப்பேர் இங்கேயே இறங்கிவிடுவார்கள். எங்கள் ஊர் இன்னும் எண்பது கிலோமீட்டருக்கு மேல், கேரளா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கூடலூர் பஸ்ஸில் கண்டக்டர் என் பையைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, பைய மேல வெச்சுட்டுச் சாஞ்சு உக்காருங்க. யாரும் எடுக்க மாட்டாங்க."

மடியிலேயே இருக்கட்டும் என்றேன்.

நடுவட்டம் தாண்டி, மலை சரிந்த இடத்தில் பஸ் ஊர்ந்து போனது. ரோட்டோரம் செம்மண் இன்னும் குவிந்து கிடந்தது. அண்ணனை ஊருக்குக் கொண்டுவர முடியாமல் போனது இந்த மண்ணால்தான். ரோடு திறக்கும்வரை ஆஸ்பத்திரியில் வைத்திருக்க முடியாது என்றார்கள். அம்மாவாலும் இறங்கி வர முடியவில்லை.

கூடலூரில் பஸ் மாறினேன். சேரம்பாடிக்கு டிக்கெட் ஒன்பது ரூபாய். இறங்கும்போது மணி இரண்டு. அங்கிருந்து எஸ்டேட் வளைவுக்குக் காலையில் மட்டும்தான் பஸ், மற்ற நேரம் மூன்று கிலோமீட்டர் நடை. தேயிலை விலை விழுந்த பிறகு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. பறிக்காமல் விட்ட செடிகள் என் தோளுக்கு மேல் வளர்ந்து நின்றன.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடத் தப்புப் பறை அடிப்பது அங்கிருந்து வந்த பழக்கம். அதற்குப் பெரட்டுத் தப்பு என்று பேர். கல்யாணத்துக்கு வேறு அடி, சாவுக்கு வேறு அடி. அடுப்படியில் இருந்தாலும் இன்னது என்று தெரிந்துவிடும். பெரட்டு அடித்தது அண்ணன்தான். அவன் திருப்பூர் வந்ததிலிருந்து இங்கே விசில்தான்.

அம்மா எனக்குச் சோறு போட்டாள். இன்னொரு தட்டிலும் போட்டு மூடி வைத்தாள். அது அண்ணன் தட்டு. கொஞ்ச நேரம் கழித்து, அண்ணனை எரித்தபோது கூடவே நின்றேன் என்று சொன்னேன்.

"எனக்குத் தப்புச் சத்தம் கேக்கலியே," என்றாள். "இந்த லயத்துல தப்பு இல்லாம யாரு போயிருக்கா?"

அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. செய்தி வந்த நாளிலிருந்து அழவே இல்லை என்று பக்கத்து வீட்டு பாக்கியம் அத்தை சொன்னாள். சுவரில் தொங்கிய அண்ணனின் தப்பை யாரையும் தொட விடவில்லையாம்.

சாயங்காலம் முத்தையா மாமா வீட்டுக்குப் போனேன். அண்ணனோடு சேர்ந்து அடிக்கிறவர் அவர். நாளைக்குப் பதினாறாம் நாள், சாவுத் தப்பு அடியுங்கள் என்று கேட்டேன்.

"சடலம் இல்லாம அத அடிக்கப்படாது புள்ள. அடிச்சா அது இன்னொரு உசுரத் தேடும்."

நான் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மாமா பீடியை அணைத்தார். "பெரட்டு வேணும்னா அடிக்கிறேன். அவன் அடிச்சதுதானே. தப்ப எடுத்துட்டு வா."

அடுத்த நாள் வேலையில்லாத நாள் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை.

காலை ஆறு மணி. அம்மா குழாயடிக்குப் போன நேரம் பார்த்துத் தப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். காய்ந்த தேயிலைக் குச்சிகளை எரித்து மாமா தோலைக் காய்ச்சினார். பிறகு அடிக்க ஆரம்பித்தார்.

கதவுகள் திறந்தன. இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, கூடையோடு பெண்கள் ஓடி வந்தார்கள். வேலை கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார்கள்.

"வேலையில்லாத நாளுல பெரட்டு அடிக்கிறியே முத்தையா, தோட்டத்துத் தொர கனவுல வந்து சொன்னாரா?" என்றாள் பாக்கியம் அத்தை. யாரோ சிரித்தார்கள். மாமா நிறுத்தவில்லை.

அதற்குள் அம்மா குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. பாதி வழியில் நின்றுவிட்டாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் அண்ணன் கொஞ்சம் நிறுத்தி, சின்னக் குச்சியால் இரண்டு அடி கூடுதலாகப் போடுவான். மாமா அடித்ததில் அது வரவில்லை. அடுத்த சுற்றிலும் வரவில்லை.

"இது அவன் கை இல்ல," என்றாள் அம்மா. பிறகு அத்தையைப் பார்த்து, "அவன் கை இல்ல பாக்கியம்," என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்து கதறினாள்.

அத்தை கூடையைக் கழற்றி வைத்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஒவ்வொருவராகக் கூடையை இறக்கினார்கள். ஒருத்தியும் வீட்டுக்குத் திரும்பவில்லை. அத்தை ஒப்பாரியை எடுத்தாள், மாமா அதே பெரட்டை மெதுவாக்கி அதற்குத் துணையாக அடித்தார். நான் நீலச் சட்டையை அம்மா மடியில் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கிளம்பினேன். அண்ணன் தட்டை அம்மா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். தப்பை அவளே கொண்டுபோய் மாமாவிடம் கொடுத்திருந்தாள்.

அன்றைக்கு வேலை நாள். ரோட்டு வளைவில் காலி பையோடு நின்றபோது கீழே விசிலுக்குப் பதில் பெரட்டு கேட்டது. திருப்பூரில் கம்பெனிச் சங்கு தினமும் ஒரே மாதிரி ஊதும். ஊதுகிற ஆள் செத்தாலும் அதில் தெரியாது.

கூடையோடு நின்றவர்களில் அம்மாவும் இருந்தாள். கடைசிச் சுற்றில் மாமா அண்ணனின் அந்த இரண்டு அடியைப் போட்டுப் பார்த்தார். கொஞ்சம் பிந்தி விழுந்தது. அம்மா சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.