உப்பு மருந்து

ராத்தா! அக்காவை இப்படிக் கூப்பிட்டால் இப்போது வீட்டில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உம்மா மட்டும் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். அதனால் உன்னைக் கூப்பிட வேண்டியதையெல்லாம் இங்கே கூப்பிட்டுக்கொள்கிறேன். நீ போன பிறகு நடந்ததை முதலில் உனக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும். உனக்குச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், நடந்ததை நடந்தபடிதான் எழுத வரும்.

நாட்டுச் சண்டை முடிந்து சில வருஷங்கள் கழித்து ராத்தாவுக்கு அந்த வருத்தம், மனசின் நோய் வந்தது. தூக்கம் இல்லை. விடிய முன்னமே தெரு முழுக்கக் கூட்டுவாள். தன் உடுப்பையெல்லாம் அலுமாரியிலிருந்து எடுத்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டுச் சிரிப்பாள். பிறகு வாரக்கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். ஜின் என்றார்கள், செய்வினை என்றார்கள். உம்மா எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டுக் கடைசியில் ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அங்கேதான் அந்தக் குளிசையை, மாத்திரையைத் தொடங்கினார்கள். லித்தியம் என்று அதற்குப் பெயர்.

அந்தக் குளிசையால் எங்கள் ராத்தா எங்களுக்குத் திரும்பக் கிடைத்தாள். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். தூங்கினாள், சமைத்தாள், என்னோடு சண்டை பிடித்தாள். உம்மாவோடு உப்பளத்துக்கும் வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

சில மாதங்களில் கிளினிக்கில் குளிசை முடிந்துபோகும். அப்போது டவுனில் உள்ள பாமசியில் வாங்குவோம். அங்கே வேலைக்கு நிற்பவரை அண்ணன் முறைவைத்து நானா என்போம், நல்ல மனுஷன். பைத்தியத்துக்கான மருந்து என்று குரலைத் தாழ்த்திக் கொடுக்க மாட்டார், காய்ச்சல் குளிசை கொடுப்பதுபோலவே கொடுப்பார். அவர் சில ஞாயிற்றுக்கிழமைகளில் சிலாபத்துக்கு ஒரு வகுப்புக்குப் போவார். வேலைக்கு வந்த பிறகும் புதிது புதிதாகப் படிக்க வேண்டுமாம். மருந்துக் கடைகளில் வேலை செய்பவர்களும் மனநலக் கிளினிக்குகளில் வேலை செய்பவர்களும் சேர்ந்து படிக்கிற வகுப்பு. படித்து வந்ததை எங்களிடம் சொல்ல அவருக்கு ஆசை. எங்களை மதித்துத்தான் சொன்னார்.

அப்படி ஒரு நாள் சொன்னார்: "மாமி, இந்தக் குளிசை என்ன தெரியுமா? இதுவும் ஒரு உப்புத்தான்."

உம்மா கண்ணை விரித்தார். "உப்பா மகன்? நாங்க வாருற உப்பா?"

"ஓம், உப்பு வகை. மண்ணுல இருந்துதான் எடுக்கிறது."

வீட்டுக்கு வரும் வழி முழுக்க ராத்தா சிரித்தாள். "அப்ப நான் கருவாடு. உம்மா, என்னயும் வெயில்ல காயப்போடுங்க."

உம்மாவுக்குப் பிரசர் இருக்கிறது. உப்பைக் குறையுங்கள், குறையுங்கள் என்று பிரசர் கிளினிக்கில் ஒவ்வொரு தரமும் ஏசுவார்கள். அன்று இரவுச் சோற்றுக்கே உம்மா ராத்தாவின் கறியைத் தனியாக எடுத்துவிட்டார். "உப்பு மருந்து திங்கிற புள்ளக்கிக் கறியிலயும் உப்பா? எண்ட வருத்தமும் சேந்து வந்துரும்." அதன் பிறகு ராத்தாவுக்குத் தனிச்சட்டி. உப்பில்லாத மீன், உப்பில்லாத சோறு. ராத்தா முகத்தைச் சுளிப்பாள், ஆனால் தின்பாள். உம்மா பக்கத்தில் இருந்து ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொள்வார். பகலெல்லாம் உப்பளத்து வெயிலில் வேர்வை சிந்துவாள். எங்கள் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை.

முதலில் கை நடுங்கியது. பிறகு சத்தி, தின்றதெல்லாம் வெளியே வந்தது. பிறகு பேச்சுக் குழறியது. பழைய வருத்தம் திரும்புகிறது, குளிசையை விடாமல் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக் கொடுத்தோம். ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்போது அவளுக்கு என்னைத் தெரியவில்லை. அங்கே வைத்தே உயிர் போய் மவுத்தானாள். இதற்கு மேல் அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு ஏலாது.

ராத்தாவுக்காகக் குர்ஆன் ஓதிக் கத்தம் முடித்த பிறகு மனநலக் கிளினிக்கில் இருக்கும் நர்ஸ் மிஸ் வீட்டுக்கு வந்தார். உம்மா உள்ளே தொழுதுகொண்டிருந்தார். வேலியடியில் நின்றபடியே மிஸ் என்னிடம் கேட்டார், கடைசி மாதத்தில் ராத்தாவின் சாப்பாட்டில் ஏதாவது மாறியதா என்று. நான் தனிச்சட்டியைச் சொன்னேன். மிஸ் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் உடம்பு இந்த மருந்தை வெளியே விடாதாம். வேர்த்தால் இன்னும் மோசமாம். மருந்தே இரத்தத்தில் கூடிக் கூடி நஞ்சாகிவிடுமாம்.

"உம்மாக்குச் சொல்லிராதீங்க மிஸ். அல்லாக்காக," என்றேன்.

"நான் சொல்ல மாட்டன். ஆனா நீங்க எங்கட சிலாபம் வகுப்புக்கு வந்து சொல்லுவீங்களா? அடுத்த முறை இந்த மருந்தப் பத்தித்தான். நான் சொன்னா அது பாடம். நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

போகாமல் இருக்கத்தான் விருப்பம். எங்கள் பக்கத்து ஆட்களும் அந்த வகுப்புக்கு வருவார்கள். ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போனால் போதும், தன் கையால் வைத்த கறிதான் பிள்ளையைக் கொன்றது என்று உம்மா தெரிந்துகொள்வார். தெரிந்தால் உம்மா உயிரோடு இருக்க மாட்டார். ஆனால் இன்னொரு வீட்டில் இன்னொரு உம்மா இப்போதே சட்டியைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தால்? துணி வாங்கப் போகிறேன் என்று உம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகள், முன்னால் வெள்ளைத் திரை. டொக்டர் சிங்களத்தில் படிப்பித்தார். எனக்குச் சிங்களம் கடைச் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். அவர் திரும்பத் திரும்ப "லவண, லவண" என்றார். கறிக்குப் போடுகிற உப்பை நான் "லுணு" என்றுதான் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் இருந்த மிஸ் விளக்கினார், லவண என்பது படிப்புப் பாஷையாம், இந்த மருந்து மாதிரிப் பல பொருட்களுக்கு அதுதான் பெயராம். தமிழில் இரண்டுக்கும் உப்பு என்றுதானே வருகிறது. ஒரே ஒரு சொல்.

என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நான் தமிழில் சொல்ல, சிங்களத்தில் மாற்றிச் சொல்ல ஒருவர் முன்வரிசையிலிருந்து எழுந்தார். பாமசி நானா. அந்த வகுப்பில் எப்போதும் அவர்தான் மாற்றிச் சொல்பவராம். ராத்தா மவுத்தானது அவருக்குத் தெரியும். எதனால் என்று தெரியாது.

நான் சொல்லச் சொல்ல அவர் சொல்லிக்கொண்டே வந்தார். தெரு கூட்டினது, உடுப்புக் கொடுத்தது, குளிசை எடுத்துச் சுகமானது. பிறகு நான் சொன்னேன்: "மருந்து தந்தவங்க, இதுவும் ஒரு உப்புத்தான் எண்டு சொன்னாங்க. அதனால வீட்டுல கறிக்கு உப்புப் போடல்ல."

அவர் அதை மாற்றிச் சொல்லாமல் என் பக்கம் திரும்பினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். டொக்டர் பேனையை மூடி வைத்தார்.

"மம தமய் கிவ்வே," என்றார் நானா. நான்தான் சொன்னது. அதை எனக்கு யாரும் மாற்றிச் சொல்லத் தேவை வரவில்லை.

பிறகு அவர் உட்கார்ந்துவிட்டார். மிஸ் எழுந்து மிச்சத்தைச் சொல்லி முடித்தார். தமிழில் வீட்டாருக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்று டொக்டர் கேட்டார். உப்பு என்ற சொல்லே வேண்டாம் என்றார் ஒருவர்.

"அப்ப என்னெண்டு சொல்றது?" என்றார் கல்பிட்டிப் பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஒருவர். "நம்மட ஆக்கள் கேக்காம விடுவாங்களா? எதுல செஞ்சது, ஹலாலா எண்டு கேட்டு எண்ட உசிரெடுப்பாங்க."

சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வரப் பார்த்தது, அது அழுகையாக வந்தது.

"மருந்துட கதைய விடுங்க, சட்டிட கதைய சொல்லுங்க," என்றார் மிஸ். "கறிக்கு எப்பயும் போடுற உப்பப் போடுங்க. எப்பயும் குடிக்கிற தண்ணியக் குடிங்க. சாப்பாட்டுல எத மாத்துறதெண்டாலும், நோம்பு புடிக்கிறதெண்டாலும், முதல்ல எங்கள்ட்டக் கேளுங்க. கை நடுங்கினா, சத்தி வந்தா, அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க. இதச் சொன்னாப் போதும்."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். இவ்வளவுதானா ராத்தா? இவ்வளவு சின்னக் கதைக்கா நீ போனாய்?

தேநீர் கொடுக்கும்போது நானா வந்து நின்றார். "தங்கச்சி, நான் வீட்டுக்கு வரணும். மாமிட்ட மாப்புக் கேக்கணும், என்ன மன்னிக்கச் சொல்லி."

"வராதீங்க நானா. என்னத்துக்கு மாப்பு எண்டு கேப்பாங்க. சொன்னா உம்மா எல்லாத்தயும் விளங்கிக்குவாங்க."

"மாப்பில்லாம நான் என்ன முகத்தோட தொழுவேன்? புள்ளயப் பெத்தவங்க தராம யாரு தாறது?"

"நான் தாறேன். நான் மாப்புச் செஞ்சுட்டேன்."

"உங்கட பங்கத்தான் நீங்க தரலாம், தங்கச்சி."

நான் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர் வந்தேவிட்டார். உம்மா கதிரையைத் துடைத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. நான் கதவடியில் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமி, எனக்கு மாப்புச் செய்யுங்க."

"எதுக்கு மகன்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம், வேண்டாம் என்று. அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"அந்த மருந்தத் தந்தது நான்தானே. சரியாச் சொல்லித் தரல்ல."

உம்மா கதிரையை அவர் பக்கம் தள்ளினார். "நீங்க தந்த மருந்தாலதான் எண்ட புள்ள கொஞ்சக் காலமாவது சிரிச்சிச்சு. நான் மாப்புச் செஞ்சுட்டேன் மகன். இரிங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அவர் அழுதார். உம்மாவும் அழுதார். சரியாகச் சொல்லித் தரவில்லை என்றால் என்ன என்று உம்மா கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லையா, கேட்கப் பயமா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டேன். நானா தன் பாரத்தில் பாதியை இறக்கிவைத்துவிட்டுப் போனார். மற்றப் பாதியோடு நான் ஒரே வீட்டில், ஒரே பாயில், உம்மாவுக்குப் பக்கத்தில் படுக்கிறேன். சில நாள் உம்மா என் தலையைத் தடவுவார். அப்போது வாய்வரை வரும். பல்லைக் கடித்துக்கொள்வேன்.

உம்மாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாது. அதனால்தான் துணிந்து எழுதுகிறேன். இதை வாசிக்கிறவர்களில் எங்களைத் தெரிந்தவர் யாராவது இருந்தால், உங்கள் பிள்ளைகள் மேல் ஆணையாகக் கேட்கிறேன், உம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிடாதீர்கள். மருந்து கொடுக்கும் வேலையில் இருப்பவர்கள் வாசித்தால், கொடுக்கும்போது சட்டியையும் விசாரியுங்கள்.

எல்லோரும் கையேந்துங்கள். என் ராத்தாவை அடக்கிய கப்ரை அல்லாஹ் விசாலமாக்கி வைக்க வேண்டும், அவளுக்கு நல்ல தூக்கத்தைக் கொடுக்க வேண்டும் என்று துஆ கேளுங்கள். என் உம்மாவுக்கு இந்த ஒன்று மட்டும் கடைசிவரை தெரியாமலே இருக்க வேண்டும் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.