ஆத்தா போட்ட தாளம்

எங்கள் சித்தப்பாவுக்குக் காதைத் தவிர வேறு சொத்தில்லை என்று அப்பா சொல்வார். சென்னைக்குப் படிக்கப் போனவர் படிப்பை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு லேப்டாப்பும் பாட்டுக் கலக்குகிற சின்ன மிக்சரும் சுமந்துகொண்டு அரிமளத்துக்குத் திரும்பி வந்திருந்தார். இனிமேல் புதுக்கோட்டைப் பக்கம் வீட்டுக்குள் நடக்கிற பிறந்தநாள், வளைகாப்புக்கெல்லாம் தானே டிஜே என்று அவருக்குத் திட்டம். முதலில் என்னுடைய பத்தாவது பிறந்தநாள். நான் பள்ளிக்கூடம் முழுக்கத் தண்டோரா போட்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அத்தைக்கு அம்மை போட்டது. அத்தை அப்பாவின் ஒரே தங்கை, கல்யாணமாகாதவள், எனக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்து ஆடவைத்தவளும் அவள்தான். எங்கள் வீட்டில் அம்மையை நோய் என்று சொன்னால் வாயில் அடி விழும். ஆத்தா வந்திருக்கிறாள், அவ்வளவுதான். வாசலில் வேப்பிலை செருகினார்கள், அடுப்படியில் தாளிப்பது நின்றது. கூடத்தை ஒட்டிய அறையில் அத்தையைப் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார்கள். தலைக்குக் குளித்துவிட்டு அம்மா மட்டும் இளநீரோடு உள்ளே போய்வருவாள்.

"மூச்சு வாங்குது மதினி" என்று அத்தை ஒருநாள் சொன்னது கூடம் வரைக்கும் கேட்டது.

"ஆத்தா முத்து எறக்குறப்ப அப்படித்தேன் இருக்கும். பொறுத்துக்க" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு தொண்டையிலும் முத்து இறங்கி அத்தைக்குக் குரலே போய்விட்டது. அறையிலிருந்து ஒரு சத்தமும் வருவதில்லை. அந்தக் கதவை நான் ஓடித்தான் தாண்டுவேன். உள்ளே படுத்திருப்பது அத்தை இல்லை, ஆத்தாதான் என்று நானாகவே முடிவுசெய்திருந்தேன்.

தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி ஆத்தாவை அனுப்பிவைத்த பிறகு பிறந்தநாள் வைத்துக்கொள்ளலாம் என்பது அம்மாவின் உத்தரவு. முதல் தண்ணீர்கூட ஊற்றியாகவில்லை, சித்தப்பா ஒரு மத்தியானம் இரண்டு ஸ்பீக்கர்களோடு வந்து இறங்கினார். ஒன்று என் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. இன்னொன்றை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளலாம். வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டுப் பிடித்ததை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கடைக்காரர் கொடுத்திருந்தார்.

அம்மா ஒத்துக்கொள்வாளா? "ஆத்தா பாட்டுன்னா போடுங்க தம்பி. அவளுக்குப் பாட்டுன்னா உசுரு. வேற எதுவும் அவ காதுல விழக் கூடாது" என்றாள். அம்மை கண்ட வீட்டில் அம்மன் பாட்டுப் பாடுவது எங்கள் பக்கத்து வழக்கம்தான். சித்தப்பாவுக்கு வாயெல்லாம் பல். அம்மன் பாட்டில் உடுக்கையும் உறுமியும் இருக்கும், ஸ்பீக்கரின் பேஸ் அடியைப் பார்க்க அதைவிட என்ன வேண்டும்? தங்கச்சிக்கும் பொழுது போகும் என்றார்.

முதலில் பெரியது. எனக்கு ஒரு வேலை கொடுத்தார். வீட்டைச் சுற்றி வந்து எங்கே எது அதிர்கிறது என்று சொல்ல வேண்டும். "கல்யாண மண்டபத்துக்கு ஆகுறது வீட்டுக்கு ஆகாது பாப்பா. சத்தத்தைக் கொறைச்சு வச்சாலும் அடி தெளிவா விழணும், சாமான் பேசக் கூடாது" என்றார். சாமான்கள் பேசின. பரணில் அண்டா முனகியது. ஜன்னல் கொக்கி நடுங்கியது. அத்தையின் கதவு தடதடத்தது.

"கதவுகூட ஆடுது சித்தப்பா!"

"அப்ப இது வேணாம். இந்த பேஸை நம்ம வீடு தாங்காது" என்று அணைத்துவிட்டு, உடனே வயரை மாற்றி அதே பாட்டைச் சின்னதில் போட்டார். சத்தம் அடங்கி, இனிப்பாக வந்தது. அண்டா வாயை மூடிக்கொண்டது. கொக்கி அசையவில்லை. கதவு மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது.

கிட்டே போனேன். சத்தம் கதவின் நடுவிலிருந்து வரவில்லை. என் முழங்காலுக்கும் கீழே, தரையை ஒட்டி, டொக், டொக் என்று வந்தது. அலறிக்கொண்டு அம்மாவின் சேலைக்குள் போய் ஒளிந்தேன்.

அம்மா காதுகொடுத்துக் கேட்டாள். அவள் கண்ணில் நீர் கோத்தது. "ஆத்தா தாளம் போடுறா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சூடம் கொளுத்திக் கதவுக்குக் காட்டினாள். "நிப்பாட்டிராதீங்க தம்பி. இன்னொருக்கா மொதல்ல இருந்து போடுங்க, சத்தத்தைக் கூட்டி வையுங்க" என்றாள். சித்தப்பா போட்டார். நான் பயந்துகொண்டே கைகூப்பி நின்றேன். பயத்துக்குள் ஒரு பெருமையும் இருந்தது. எங்கள் வீட்டு ஸ்பீக்கரை ஆத்தாவே தேர்ந்தெடுத்துவிட்டாளே!

சித்தப்பா மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் மாறியது.

"மதினி, இது தாளத்துல இல்லை" என்றார்.

பாட்டை நிறுத்தினார். டொக். வெகுநேரம் கழித்து இன்னொரு டொக். அப்புறம் கதவை நகத்தால் பிறாண்டுகிற மாதிரி ஒன்று கேட்டது.

சித்தப்பா கதவுக்கு ஓடினார். காலையில் பஸ் ஸ்டாண்டில் ஆம்லெட் தின்றுவிட்டு வந்தவர், குளிக்கவுமில்லை. "தீட்டோட தொறக்காதீங்க!" என்று அம்மா கத்தினாள். கதவு முழுதாகத் திறக்கவில்லை, உள்ளே ஏதோ முட்டியது. இடுக்கு வழியே முத்து முத்தாய் வெடித்த ஒரு கை தரையில் கிடப்பது தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்பாவும் சித்தப்பாவும் அத்தையைக் காரில் போட்டுப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் அவளைத் துணி சுற்றித் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஆத்தா குடியிருந்த அறைக்குள் எச்சில் வாயோடு நுழைந்தவன், குளிர்ச்சியாகப் போயிருக்க வேண்டியவளைக் கோபப்படுத்திவிட்டான் என்று தெருவே பேசியது. நானும் அப்படியே நம்பினேன். சித்தப்பாவின் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. பிறந்தநாளும் போயிற்று, அத்தையும் போய்விட்டாள்.

"கொஞ்சம் முந்தியே கொண்டாந்திருக்கலாமாம். நெஞ்சுல சளி கட்டிருச்சாம், டாக்டர் சொன்னாரு" என்று அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். முந்தி என்றால் ஸ்பீக்கர் வருவதற்கு முந்தி, ஆத்தாவுக்குக் கோபம் வருவதற்கு முந்தி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

காரியமெல்லாம் முடிந்து சித்தப்பா இரண்டு ஸ்பீக்கரையும் கடைக்குத் திருப்பிக் கொடுக்கக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் என் கோபம் போய்விட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பெருசு பாடுனப்பவே தட்டிருக்கா பாப்பா. நான் கதவு அதிருதுன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

இதற்கு ஏன் இப்படி அழ வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அவர் முதுகைத் தடவிக்கொடுத்து, "அதனாலதானே சித்தப்பா அந்த ஸ்பீக்கர் வேணாம்னு சொல்லிட்டோம்" என்று ஆறுதல் சொன்னேன்.