சுகமுள்ள பிள்ளை

1908 மார்ச் 9 — 2 கில்டர் 50 சென்ட்.
1908 ஜூன் 1 — 1 கில்டர்.
1908 செப்டம்பர் 14 முதல் 26 வரை — செங்கல், நாற்பத்தொரு வண்டி. கூலி வாங்கவில்லை.
1909 ஜனவரி 4 — 5 கில்டர்.
1910 மே 2 — 75 சென்ட்.

எங்கள் தீவில் எங்கள் கிறிஸ்தவச் சபை வேதப் பள்ளிக்கூடம் கட்டியபோது வண்டிக்காரர் கிரைன் போகர்ட் கொடுத்தவை இவை. அப்போது அவருக்குப் பிள்ளை இல்லை. பள்ளிச் சங்கத்தின் செயலாளராக வரவையும் சேர்க்கைப் பதிவேட்டையும் முப்பத்தாறு ஆண்டுகள் நான்தான் எழுதினேன். அதனால் அவரைப் பற்றி நான் சொல்வதில் தேதிப் பிழை இருக்காது.

ஒரு குதிரை, ஒரு வண்டி, அணைக்கரை ஓரம் இரண்டு அறை வீடு. இலையுதிர்காலத்தில் பீட் கிழங்கு, மற்ற நாளில் களிமண்ணும் கல்லும் ஏற்றுவார். கூலி பேசும்போது குதிரைக்கு என்ன வயது என்று கேட்டால் உண்மையான வயதைச் சொல்லிவிடுவார். அதனால் பாதி வேலை போட்டியாளர்களுக்குப் போகும்.

1914 பிப்ரவரி 11 அன்று அவருக்குப் பெண் பிறந்தாள். பெயர் தானெகே. அதற்குப் பின் பிள்ளை இல்லை.

அந்தக் காலச் சட்டப்படி, அம்மை குத்திய சான்று இல்லாத பிள்ளையை எந்தப் பள்ளியும் சேர்க்கக் கூடாது. எங்கள் சபையாரோ அம்மை குத்துவதில்லை. சுகமாய் இருக்கிறவனுக்கு வைத்தியன் எதற்கு என்பதே எங்கள் பிடிப்பு. நோயைக் கொடுப்பதும் காப்பதும் ஆண்டவர் கையில். சட்டத்தில் ஒரு சிறு வாசல் இருந்தது. இந்தப் பிள்ளை பலவீனமானது, குத்தினால் தாங்காது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் ஓராண்டுக்குச் செல்லும். எங்கள் மருத்துவர் ஒன்றரை கில்டர் வாங்கிக்கொண்டு பிள்ளையைப் பார்க்காமலே எழுதுவார். 1921-இல் என் பதிவேட்டில் இருந்த முப்பத்தொரு பிள்ளைகளில் இருபத்துமூன்று பேர் பலவீனமானவர்கள்.

அதைப் பார்த்த அரசுப் பள்ளி ஆய்வாளர், "என்னய்யா, உங்க தீவுல நல்ல பிள்ளையே பொறக்காதா? அங்க வெளியில சுவரேறிக் குதிக்கிறானே, அவனுக்கு என்ன நோவு?" என்றார்.

"நெஞ்சு பலவீனம்," என்றேன். அவன் என் மகன்.

1921 ஏப்ரல் 4, திங்கட்கிழமை, கிரைனின் மனைவி பீட்டர்நெல் தானெகேயைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். சீட்டு இருந்தது. 'நெஞ்சு பலவீனம்' என்று எழுதியிருந்தது. பெயரைப் பதிந்தேன். கிரைன் அந்த மாதம் முழுக்க மறுகரைத் துறைமுகத்தில் கல் ஏற்றிக்கொண்டிருந்தார். சனி இரவு வந்து ஞாயிறு கழித்துப் போவார். தாயும் மகளும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

தானெகே பன்னிரண்டு நாள் பள்ளிக்கு வந்தாள். எங்கள் மொழியில் ஏழு எழுத்து வரும் தன் பெயரில் முதல் நான்கை எழுதப் பழகினாள். மற்றப் பிள்ளைகள் வருவதற்கு முன்பே வந்து கதவடியில் நிற்பாள் என்று ஆசிரியர் சொன்னார்.

ஏப்ரல் 17, ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, சபை மூப்பர் ஹூப்ரெக்ட் கிரைனின் தோளைத் தட்டினார்.

"ஏம்ப்பா, ஒம் பொண்ணுக்கு நெஞ்சு பலவீனமாமே? போன வாரம் என் பன்னிக்குட்டிய வாய்க்கா வரைக்கும் தொரத்திப் புடிச்சாளே. பலவீனத்துலயே அந்த ஓட்டமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லாருடைய பிள்ளைக்கும் அதே சீட்டுத்தான். கிரைன் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போகாமல் என் வீட்டுக்கு வந்தார். மரக்காலணிகளை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, உட்காராமல் நின்றார்.

"ஐயா, எம் பொண்ணு பேர அடிச்சிடுங்க."

"எதுக்குண்ணே? சீட்டு செல்லுமே."

"அவ ரெண்டு வாளித் தண்ணி தூக்குறா. அவளுக்கு நோவுன்னு எழுதியிருக்கு."

"எழுதினது டாக்டர். அந்தப் பொய் அவரோடது. உங்களுக்கு என்ன?"

"அந்தச் சீட்ட வச்சுப் பள்ளிக்கூடம் போறது யாரு? டாக்டரா?"

அவர் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"யோசிச்சுப் பாருங்கய்யா. அவ சுகமா இருக்கா, அதனால வைத்தியம் வேண்டாம்னு ஆண்டவர்கிட்ட சொல்றேன். அவளுக்கு நோவுன்னு அரசாங்கத்துக்கிட்ட சொல்றேன். நோவுன்னா வைத்தியம் பாக்கணும்ல? ரெண்டுல ஒண்ணுதான நெசமா இருக்க முடியும்."

சபையில் வேறு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டதில்லை. சிவப்பு மை எடுத்து, அளவுகோல் வைத்து, தானெகே போகர்ட் என்ற பெயரின் மேல் கோடு போட்டேன்.

மத்தியானம் பீட்டர்நெல் வந்தாள். ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

"அவரு சொன்னா அடிச்சிடுவீங்களா? பெத்தவ நான் கொண்டாந்த சீட்டு அது."

"சட்டப்படி தகப்பன் சொல்லுதான்மா."

"ஒங்க மவன் நெஞ்சு எப்படியிருக்கு?" என்றாள். நான் பதிவேட்டை மூடினேன். "அந்தாளு கட்டுன பள்ளிக்கூடம்யா அது. அந்தச் சொவத்துல பாதி எங்க குதிர இழுத்த கல்லு. அதுக்குள்ள எம் புள்ளைக்கு எடமில்ல."

அவள் கணவரோடு அதற்குப் பின் நெடுநாள் சரியாகப் பேசவில்லை என்று கேள்வி. ஆனால் மறுபடி சீட்டு வாங்கவும் இல்லை.

கிரைன் பிடிவாதத்தோடு நின்றுவிடவில்லை. அரசுக்கு மனுப் போட வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "என் பிள்ளை நல்ல சுகமாக இருக்கிறாள். அம்மை குத்த என் மனசாட்சி இடம் தரவில்லை. அவளை நோயாளி என்று சொல்லவும் இடம் தரவில்லை. இரண்டையும் பொறுத்து அவளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்." 1921 மே, 1923 மார்ச், 1925 மார்ச், 1927 பிப்ரவரி என்று நான்கு மனுக்கள். முதல் மூன்றுக்கும் ஒரே பதில்: சட்டம் நோய்க்கு விலக்கு தருகிறது, மனசாட்சிக்குத் தருவதில்லை. நான்காவதற்குப் பதிலே இல்லை.

வீட்டில் சங்கீதப் புத்தகத்தை வைத்துக் கிரைனே மகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். பழைய அச்செழுத்தை அவள் தடுமாறாமல் வாசித்தாள். எழுத்தும் கணக்கும் அவருக்கே வராது. ஆசிரியர் மாலையில் வந்து சொல்லித்தர ஒப்புக்கொண்டார், ஒரு குளிர்காலத்தில் சில நாள் வந்தார், பிறகு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். புதியவருக்கு அணைக்கரை தூரம்.

1926 இலையுதிர்காலத்தில் பக்கத்து நகரத்துத் துணிக்கடைக்காரி ஒருத்தி தானெகேயை வேலைக்குக் கேட்டாள். கூடவே தங்கிக்கொள்ளலாம், கடையைப் பழகலாம். பெண்ணின் கைச்சுத்தமும் பேச்சும் அவளுக்குப் பிடித்திருந்தன. வெற்றுத் தாளைக் கொடுத்து, "மூணு முழம் பருத்தி, நூல் ரெண்டு கண்டு. பில் போடு பாப்பம்," என்றாள்.

தானெகே நான்கு எழுத்து எழுதிவிட்டு நிறுத்தினாள்.

அடுத்த மே மாதம் அவள் ஒரு பண்ணையில் வேலைக்காரியாகச் சேர்ந்தாள். பால் கறப்பது, பன்றிக்குத் தீனி, நவம்பரில் உறைந்த மண்ணிலிருந்து பீட் பிடுங்குவது. கிரைன் அதே பண்ணைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போவார். ஒரு நாள் அவர் ஏற்றிக்கொண்டிருந்தபோது, எத்தனை கூடை என்று பண்ணையாள் தானெகேயைக் கேட்டானாம். அவள் தகப்பனைப் பார்த்தாளாம். "எண்ணு கண்ணு, எண்ணிச் சொல்லு," என்றாராம். அவள் இருபதுக்குமேல் குழம்பிவிட்டாள். இதை எனக்குச் சொன்னவர் கிரைன்தான். சொல்லிவிட்டு, "நான் பொய் சொல்லலய்யா," என்றார். கேள்வி கேட்பதுபோல் இருந்தது அவர் குரல்.

அவளுக்குப் பதினான்கு முடிந்தது 1928 பிப்ரவரி 11 அன்று. பள்ளி வயது அதற்கு ஓராண்டு முன்பே முடிந்துவிட்டது.

அம்மை குத்திய பிள்ளைகள் சிலருக்கு மூளைக்காய்ச்சல் கண்டதால் சட்டம் நிறுத்திவைக்கப்படுகிறது, இனிப் பள்ளியில் சேரச் சான்றும் வேண்டாம், சீட்டும் வேண்டாம் என்று அரசு எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு கடிதத்தை அச்சடித்து அனுப்பியது. மனசாட்சியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எனக்கு வந்தது 1928 ஏப்ரல் 17, செவ்வாய்க்கிழமை.