கடலைக் கொல்லையில் ஒரு ஜப்பான் ரேடியோ

ஜப்பானில் செய்த பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களைச் சேர்ப்பவன் நான். திருப்பதியில், அலிபிரி பக்கத்து வீட்டில் பதினொன்று வைத்திருக்கிறேன். போன வருடம் கால்நடை மருத்துவரான என் நண்பர், வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலைக் கொல்லையில் அப்படியொன்று பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மறுநாளே பஸ் ஏறினேன்.

கொல்லை நடுவே கம்பில் ஒரு பிளாஸ்டிக் வாளி தொங்கியது. அதற்குள் உள்ளங்கையளவு சிவப்பு ரேடியோ. சென்னை நிலையத்தில் யாரோ உரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முகப்பில் 'எட்டு டிரான்சிஸ்டர்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. கொல்லைக்கார அம்மா களைக்கொத்தை வைத்துவிட்டு வந்தார்.

"மயிலு கடலையத் தோண்டித் துன்னுது சார். இது பேசிக்கினு இருந்தா கிட்ட வராது. எங்க நைனா வாங்கினது."

விலைக்குக் கேட்டேன்.

"மயில வெரட்ட வேற ஒண்ணு குடுத்துட்டு எடுத்துக்கினு போங்க."

அடுத்த வாரம் பென்டிரைவ் போடும் ஸ்பீக்கர் வாங்கி, அதில் இரண்டு மணி நேரப் பேச்சு ஏற்றிக் கொடுத்துவிட்டு, ரேடியோவை வாங்கி வந்தேன்.

வீட்டில் திறந்து எண்ணினேன். டிரான்சிஸ்டர் எட்டு இருந்தன. ஆனால் இணைப்புகளைத் தொடர்ந்து பார்த்தால், இரண்டின் கால்கள் எதோடும் சேரவில்லை. முகப்பில் எட்டு என்று போட்டு விற்க, வெறும் எண்ணிக்கைக்காக வைத்தவை. அந்தக் காலத்தில் இப்படியும் செய்ததாகப் படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பத்து நாளில் போன் வந்தது.

"சார், உங்க பொட்டி சொன்னதயே சொல்லிக்கினு கீது. மயிலுக்குப் பழகிப்போச்சி. வாளி மேலயே ஏறி நிக்குது."

எனக்கு ரேடியோவை விட மனமில்லை. பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் அடுத்தடுத்து இரண்டு முறை கூப்பிட்டபோது எடுக்கவில்லை. மூன்றாம் நாள் என்மேலேயே வெறுப்பு வந்து, ரேடியோவைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

திருப்பிக் கொடுக்கும்போது அந்த இரண்டைப் பற்றிச் சொன்னேன்.

"அப்ப ஆறுதான் வேல செய்யிதா?"

"ஆமாம்மா."

"இத்தினி வருசமா தெரியாது பாருங்க. எந்த ரெண்டு சும்மா கீது, காட்டுங்க."

வரப்பில் உட்கார்ந்து பின்மூடியைக் கழற்றினேன். அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்தார். ஒவ்வொன்றாகத் தொட்டு, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கீழ்க் கோடியில் மூன்று மயில்கள் இறங்கியதை நாங்கள் இருவருமே தாமதமாகத்தான் பார்த்தோம்.