இடது முட்டி

காளிதாசன் அந்த ஜப்பான்காரனைப் பார்த்த நாளிலிருந்தே வெறுத்தான் என்று சொன்னால் அது சரியில்லை. முதல் வாரம் எல்லாரோடும் சேர்ந்து சிரிக்கத்தான் செய்தான். வெறுப்பு அதற்கப்புறம் வந்தது.

மலேசியாவில் கோலா கெத்தில் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன் காளிதாசன். அப்பா குலை வெட்டுகிறவர். தோட்டத் திடலில் வெறுங்காலோடு பந்து உதைத்து, பள்ளிக்கூடம், மாவட்டம், மாநில இளையர் அணி என்று ஏறி, அலோர் ஸ்டாரில் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த ஒரு சின்ன அணியில் முன்வரிசை ஆட்டக்காரனாகச் சேர்ந்தான். ஒன்பதாம் நம்பர் சட்டை அவனுடையது. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போனால் ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொல்லி வரவேற்பார்கள். உமாராணியை அவள் வீட்டில் யோசிக்காமல் கட்டிக் கொடுத்ததும் அந்தப் பெயருக்காகத்தான்.

முப்பதை நெருங்கும்போது அந்தச் சட்டை போயிற்று. வந்தவன் பெயர் ஷின்யா குராமோச்சி. வாயில் நுழையாத பெயர் என்பதால் பையன்கள் அதை வெட்டி 'குரா' ஆக்கினார்கள். மலாயில் குரா-குரா என்றால் ஆமை. பொருத்தமாகவும் இருந்தது, ஏனென்றால் அவன் ஓடவே மாட்டான். தற்காப்பு ஆட்டக்காரனுக்குப் பக்கத்தில் வழி தெரியாதவன் மாதிரி நின்றுகொண்டிருப்பான். பயிற்சி முழுக்க அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். முதல் ஆட்டத்தில் அப்படி நின்றவன் சட்டென்று ஓரடி நகர்ந்தான். பந்து அந்த இடத்துக்கு வந்தது. இடது காலை ஊன்றித் திரும்பினான், கோல். இரண்டாம் பாதியில் மறுபடியும் அதே மாதிரி. மறுவாரம் காளிதாசன் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அரங்கமே "குரா, குரா" என்று பாடிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் ஒரே தாமான் குடியிருப்பில் இருந்ததால் அவனைத் தன் காரில் திடலுக்குக் கூட்டிவருவது காளிதாசன் வேலையாயிற்று. காடியில் போகும்போது குராமோச்சி அரைகுறை மலாயும் இங்கிலீஷும் கலந்து தன் கதையைச் சொல்வான். வடக்கே பனி கொட்டுகிற ஒரு ஊர். பள்ளி அணியில் பேர் வாங்கி ஒரு பெரிய நகரத்து அணிக்குப் போனவன். பத்திரிகையில் படம் வந்த வருஷமே தோளெலும்பு முறிந்தது. திரும்பி வந்தபோது அவன் இடத்தில் வேறொருவன். மூன்றாம் பிரிவு, அங்கிருந்து தாய்லாந்து, லாவோஸ், இப்போது கெடா. ஒவ்வொரு ஊரிலும் ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை.

"இதுதான் கடைசி ஊர், தாஸ். இங்க ரெண்டு வருஷம் நல்லா ஆடிட்டா, ஊருக்குத் திரும்பி கோச்சிங் படிச்சிடுவேன்."

உமாராணி ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைச் சாப்பிடக் கூப்பிடுவாள். அணிப் பையன்கள் அவளை அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவனும் 'அக்கா' என்றான். "அண்ணே, நான் உங்களவிட சின்னவ லா" என்று சொல்லிப் பார்த்தாள். அவன் மாற்றவில்லை.

செப்டம்பரில் ஒரு காலை, திடலுக்குப் போகிற வழியில் குராமோச்சி காடியை ஓரமாக நிறுத்தச் சொன்னான். கால்சட்டையைச் சுருட்டி இடது முட்டியைக் காட்டினான். ஊதியிருந்தது.

"திரும்பும்போது உள்ள ஏதோ நழுவுது. யாருக்கும் தெரியாது. அடுத்த மாசம் புது ஒப்பந்தம் பேசுறாங்க. அதுவரைக்கும் நீ மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கோ."

"நான் எதுக்கு சொல்லப் போறேன்?" என்றான் காளிதாசன்.

மூன்று வாரம் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து அந்த முட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அது தானாகவே குராமோச்சியைக் கைவிட்டுவிடும் என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் காத்திருந்தான். விடவில்லை. அவன் கோல் அடித்துக்கொண்டே இருந்தான்.

அக்டோபரில் பினாங்கு அணி ஒன்று ஆட வந்தது. அதில் தற்காப்பில் ஆடியவன் அழகேசன். காளிதாசன் பிறந்த அதே தோட்டம், ஒரே லயத்து வரிசை வீடுகள். ஆட்டத்துக்கு முந்தின நாள் மதியம் அழகேசன் போன் பண்ணினான். ஊர்க்கதை பேசினார்கள். பிறகு, "அந்த ஜப்பான்காரன எப்படிடா மச்சான் புடிக்கிறது?" என்று கேட்டான்.

காளிதாசன் சொன்னான். வாய் தவறி வந்த வார்த்தை என்று பின்னால் பல தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான். அப்படி வரவில்லை. எந்த வார்த்தை போதும் என்று பார்த்துத்தான் சொன்னான்.

"இடது முட்டி."

"ஆங்," என்றான் அழகேசன். "சரி, வெச்சிடறேன்."

மறுநாள் மழை பெய்து திடல் நசநசவென்று இருந்தது. முதல் பாதி முடிகிற சமயம். குராமோச்சி வழக்கம்போல நின்றான், ஓரடி நகர்ந்தான், இடது காலை ஊன்றினான். அழகேசன் பந்தைப் பார்க்கவே இல்லை. இரண்டு காலையும் நீட்டிச் சறுக்கிக்கொண்டு அந்த முட்டிக்குள் நேராகப் போனான். சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

குராமோச்சி கத்தவில்லை. சேற்றில் முகம் புதைத்துக் கிடந்தான். நேரம் கடத்துகிறான் என்று நினைத்த சொந்தக் கூட்டமே ஊளையிட்டது. "எழுந்திருடா குரா-குரா" என்று சிரித்தார்கள். ஒருவன் தண்ணீர் பாட்டிலை வீசினான், அது அவன் முதுகில் பட்டு உருண்டது. நடுவர் அழகேசனை மஞ்சள் அட்டையோடு விட்டுவிட்டார். ஸ்ட்ரெச்சர் வந்தது. பயிற்றுநர் காளிதாசனைப் பார்த்து, "தாஸ், போ" என்றார்.

எல்லையோரத்தில் ஸ்ட்ரெச்சரைத் தாண்டி ஓடும்போது குராமோச்சி கையை நீட்டி அவன் விரலைப் பிடித்தான். "கோல், தாஸ்" என்றான். முகம் வெளுத்திருந்தது.

இரண்டாம் பாதியில் ஒரு கார்னர் பந்தைத் தலையால் முட்டி காளிதாசன் கோல் அடித்தான். அந்த ஒரே கோலில் அணி ஜெயித்தது. கூட்டம் அவன் பெயரைப் பாடியது. அவனுக்கு அதைவிட நல்ல நாள் வாழ்க்கையில் வந்ததில்லை. அவனே ஒத்துக்கொள்வான்.

முட்டியின் தசைநார்கள் மொத்தமும் அறுந்துவிட்டன, இனி ஓட முடியாது என்று மருத்துவர் சொன்னார். அந்த வாரக் கடைசியில் அணி அதிகாரி காளிதாசனைக் கூப்பிட்டார்.

"அவன் இடத்துக்கு பிரேசில்காரன் ஒருத்தன் நாளைக்கு வர்றான். நாம கொடுத்த வீட்டுச் சாவி வேணும். நீதானே அவனோட பிரண்டு, நீயே போய்க் கேளு லா."

காளிதாசன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டான். கட்டிலில் காலைக் கட்டித் தூக்கியிருந்த நிலையில், குராமோச்சி தலையணைக்கடியிலிருந்து சாவியை எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி, தலை குனிந்து கொடுத்தான். அவன் துணிமணிகளை உமாராணிதான் பெட்டியில் அடுக்கினாள். ஊருக்குப் போகும்வரை தினமும் கஞ்சி கொண்டுபோனதும் அவள்தான். விமான நிலையத்துக்கு அணியிலிருந்து ஒருவர்கூட வரவில்லை.

பிரேசில்காரன் வந்ததும் காளிதாசன் மறுபடியும் பெஞ்சுக்குப் போனான். அந்தப் பருவம் முடிந்ததும் அவனை விட்டுவிட்டார்கள். பிறகு அணியையே கலைத்துவிட்டார்கள். இப்போது சுங்கை பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். தொப்பை போட்டுவிட்டது.

ஒவ்வொரு அக்டோபரிலும், அந்த ஆட்டம் நடந்த தேதியில், குராமோச்சி வீடியோவில் கூப்பிடுவான். ஊரில் மாமாவின் மீன் குளிர்க்கிடங்கில் வேலை. சனி ஞாயிறுகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக் கொடுக்கிறான், நாற்காலியில் உட்கார்ந்தபடி. காளிதாசனுக்கு அந்த அழைப்பில் பெருமை. தொழிற்சாலைப் பையன்களிடம், "ஜப்பான் பிளேயர், என் பிரண்டு, இன்னும் மறக்கல" என்பான். முட்டி எப்படி இருக்கிறது என்று தவறாமல் விசாரிப்பான்.

போன வருஷம் பேச்சுக்கு நடுவே குராமோச்சி, "அழகேசன் எப்படி இருக்கார்?" என்று கேட்டான்.

"யாரு?"

"உங்க தோட்டத்துக்காரர்தானே. என் முட்டிய உடைச்சவர்."

காளிதாசனுக்குச் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது.

"ஆஸ்பத்திரியிலேயே எனக்குத் தெரியும், தாஸ்," என்றான் குராமோச்சி. குரல் உயரவில்லை.

"அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் கூப்பிடற?"

குராமோச்சி மலாய் வார்த்தையைத் தேடுகிறவன் மாதிரி யோசித்தான். "நீ எடுக்கறியான்னு பார்க்க. எடுக்கற. சிரிக்கிற. முட்டி எப்படி இருக்குன்னு கேக்கற. அப்போ உன் முகத்த பார்க்கணும். எனக்கு அது போதும்." பிறகு அதே குரலில் காளிதாசனின் மகன் எந்த வகுப்பு படிக்கிறான் என்று விசாரித்துவிட்டு வைத்தான்.

உமாராணி சாப்பாட்டு மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் கேட்பதற்கு முன்னாலேயே, "நான்தான் சொன்னேன்" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க போன் பேசும்போது ரூம்லதான துணி மடிச்சிட்டிருந்தேன். கஞ்சி கொண்டு போனப்ப அவரு கேட்டாரு, அக்கா, அவனுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு. அழுதுக்கிட்டே கேட்டாரு. எனக்குப் பொய் சொல்ல வரல."

"இத்தனை வருஷம் என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல." காம்பைக் கிள்ளித் தனியே போட்டாள். "நீங்க அந்தக் கோலப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்லுவீங்க. நான் கேட்டுக்கிட்டு இருப்பேன்."

அவன் கையை ஓங்கினான். அவள் நகரவில்லை, கீரையிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே போனான்.

அடுத்த வாரமே போன் நம்பரை மாற்றினான். யாருக்கும் கொடுக்கவில்லை. இந்த அக்டோபரில் அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. மதியம் சாப்பிட உட்கார்ந்திருந்தான். உமாராணியின் போன் அடித்தது. அவள் எடுத்து, "நல்லா இருக்கேன் அண்ணே, இங்கதான் இருக்காரு" என்று சொல்லிவிட்டு, தட்டுக்கு எதிரே தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தாள்.

திரையில் குராமோச்சி. தலை நரைத்திருந்தது. பின்னால் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

காளிதாசன் சோற்றுக் கையோடு அதைப் பார்த்தான். எழுந்து போக நினைத்தான். உமாராணி எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முட்டி எப்படி இருக்கு?" என்றான்.

"குளிர் ஆரம்பிச்சிடுச்சு, தாஸ்," என்று குராமோச்சி சொல்லத் தொடங்கினான். காலையில் கட்டிலிலிருந்து இறங்க எவ்வளவு நேரமாகிறது, கிடங்குப் படியில் எப்படிப் பக்கவாட்டில் ஏறவேண்டியிருக்கிறது, வலி எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று ஒன்றுவிடாமல், அவசரமில்லாமல் சொன்னான். காளிதாசன் கேட்டுக்கொண்டிருந்தான். தட்டில் குழம்பு ஆறி ஏடு கட்டியது.