சாவி தொங்கும்போதே ‘ரூம் ஃபுல்’

அன்று பௌர்ணமி இல்லை. கிரிவலக் கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். செங்கம் ரோட்டில் நான் மேனேஜராக இருந்த லாட்ஜில் பலகை நிறைய சாவி தொங்கியது.

ஒரு பெண் பையோடு வந்து போனை நீட்டினார். "ரூம் ஃபுல்லுனு மெசேஜ் வந்துச்சு சார். இவ்ளோ சாவி தொங்குதே? நாளைக்குக் காலைல எனக்கு கவர்மென்ட் எக்ஸாம். ஆம்பூர்லேர்ந்து வர்றேன். நாலு லாட்ஜ் ஏறி எறங்கிட்டேன்."

எங்கள் வாட்ஸ்அப்பில் அப்போது ஏஐதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. முதலாளி வைத்து இரண்டு வாரம். மெஷின் உளறிவிட்டது என்று எனக்குச் சுர்ரென்று கோபம். அதை அமைத்துக் கொடுத்த இம்ரானைக் கூப்பிட்டேன். அவன் வரும்வரை அந்தப் பெண் சோபாவில் உட்கார்ந்து படித்தார்.

இம்ரான் தன் போனிலிருந்து கேட்டுப் பார்த்தான். ஆண், ஒருவர்: ரூம் இருக்கு. குடும்பம்: ரூம் இருக்கு. பெண், தனியாக: "ஃபுல்லுங்க மேடம், மன்னிச்சுக்குங்க."

"யார்ப்பா இதுக்குப் பொய் சொல்லக் கத்துக்குடுத்தது?" என்று கத்தினேன்.

அவன் தயங்கினான். "நீங்கதான் சார். உங்க பழைய மெசேஜ் எல்லாத்தையும்தான் சாம்பிளா குடுத்தோம். பாருங்க."

பார்த்தேன். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. மன்னிப்பு கேட்ட வார்த்தைகூட என்னுடையதுதான். தனியாக வரும் பெண்ணுக்கு ரூம் கொடுத்தால் வம்பு என்று வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்னார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே மறுக்க மனசு வராமல் ‘ஃபுல்’ என்று எழுதிப் பழகிவிட்டேன். என்னை மரியாதை தெரிந்த மனிதன் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலாளிக்குப் போன் போட்டேன். "ஐடி ப்ரூஃப் வாங்கிட்டு ரூம் குடுக்கறேங்க. வம்பு வந்தா நான் பாத்துக்கறேன்."

"சரி, குடு" என்றார்.

பன்னிரண்டாம் நம்பர் சாவியை நீட்டினேன். அந்தப் பெண் உடனே வாங்கவில்லை. "உள்தாழ்ப்பா நல்லா விழுமா சார்?"

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. கேட்கக் கூடியவர்களை நான் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். மேலே ஓடிப் போய்ப் பார்த்தேன். கொண்டி கழன்று தொங்கியது. தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் ரூம் எது என்று தேடி, பதினான்காம் நம்பரைக் கொடுத்தேன்.

பழைய பதில்களை எடுத்துவிட்டு, புதிதாக எழுதித் தரச் சொன்னான் இம்ரான். "ரூம் இருக்குங்க மேடம். உள்தாழ்ப்பாள் சரியா இருக்கு" என்று எழுதினேன். ஆனால் அன்று அவனுக்கு அனுப்பவில்லை. ஸ்க்ரூ டிரைவரோடு எல்லா ரூமும் ஏறி இறங்கி முடித்த பிறகுதான் அனுப்பினேன். அந்த மெஷின் என்னிடமிருந்து இன்னொரு பொய்யைக் கற்றுக்கொள்ளக் கூடாது.