தோளில் போட்டுக் காட்டிய சேலை

ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை... ஆனால் தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. அதைத்தான் இத்தனை காலம் மறைத்து வைத்திருந்தேன்.

அந்தப் பாழாய்ப்போன எண்ணம் எனக்குத் தோன்றிய இடம், சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடி. தீபாவளிக் கூட்டம். என் அக்காவுக்கு அது தலைதீபாவளி. சேலை எடுக்க அம்மாவும் நானும் சங்ககிரியிலிருந்து பஸ் ஏறிப் போயிருந்தோம். அப்போது நான் கல்லூரி மாணவன். பெண் விடுதலை பற்றிப் பேச எந்த மேடை கிடைத்தாலும் ஏறிவிடுவேன். கிடைக்காவிட்டால்... நின்ற இடமே மேடை!

எங்களுக்குச் சேலை காட்டியவள் ருக்மணி. (அது அவள் பெயரல்ல. இதில் வரும் எந்தப் பெயரும் உண்மையல்ல.) என் வகுப்புத் தோழன் பழனிச்சாமியின் அக்கா, பள்ளிபாளையத்துக்காரி. அவள் கணவன் லாரி விபத்தில் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தச் சாவுக்கு நானும் போயிருந்தேன். அம்மாவுக்கு அவளைத் தெரியாது.

அவள் நெற்றியில் பொட்டு! எனக்குப் புல்லரித்தது. ஊர் வழக்கத்தை எதிர்த்து நிற்கிறாளே என்று எனக்குள் ஒரு ஆரவாரம். அம்மா அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் அவள் குனிந்து சொன்னாள்.

"தம்பி, சீசனுக்குத்தான் சேத்திருக்காங்க. நல்லா யாவாரம் பண்ணுனா தீவாளி நோம்பி முடிஞ்சும் வெச்சுக்கறேன்னு மொதலாளி சொல்லீருக்கறாரு. ரெண்டு புள்ளைங்க இருக்குதல்லோ..."

நான் தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேனோ!

அம்மாவுக்கு லேசில் மனது நிறையாது. அதை எடு, இதைப் பிரி. "அந்த மாம்பழக் கலரு... தோள்ல போட்டுக் காட்டு சாமி." அங்கே அதுதான் வழக்கம், விற்கிற பெண் தன் தோளில் முந்தானையைப் போட்டு, கொசுவத்தைப் பிடித்துக் காட்ட வேண்டும். எங்கள் முன்னால் சேலைகள் மலையாகக் குவிந்தன. அவள் முகம் சுளிக்கவில்லை. கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டே போட்டுக் காட்டினாள்.

கடைசியில் அம்மா மலர்ந்துவிட்டாள். "மகராசியாட்டம் இருக்கற. நீயே உங்கையால எடுத்துக் குடு சாமி. எம்புள்ளைக்குத் தலைதீவாளிச் சேலை."

ருக்மணியின் கை அப்படியே நின்றது.

அப்போதுதான் தோன்றியது அந்த எண்ணம். கணவனை இழந்தவள் கையால் தலைதீபாவளிச் சேலை! என் அம்மாவே வாங்குகிறாள்! கல்லூரி விடுதியில் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? ஆம், அந்தக் கணத்தில் நான் நினைத்தது விடுதியைத்தான். யார் யார் கைதட்டுவார்கள் என்பதைத்தான்.

ருக்மணி என்னைப் பார்த்தாள். பார்த்து, தலையை லேசாக அசைத்தாள். வேண்டாம் என்று.

எனக்குப் புரியவில்லை என்று நினைக்கிறீர்களா? புரிந்தது! அந்தப் பொட்டு எதிர்ப்பல்ல, ஒளிந்துகொள்ளும் திரை என்பதும் அந்த நொடியே புரிந்தது. புரிந்தும்... வாயைத் திறந்தேன்.

"அம்மா, இவுங்க ஆருன்னு தெரியுமா? நம்ம பழனிச்சாமியோட அக்கா. போன மாசியிலதான் இவுங்க ஊட்டுக்காரரு செத்துப்போனாரு. அதனால என்ன? இவுங்க கையாலதான் அக்காவுக்குச் சேலை வாங்கறோம்!"

அம்மா என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். மாடி முழுக்கக் கேட்கும்படி நான் ஏன் கத்தினேன்?

பக்கத்தில் நின்ற ஒருத்தி கையிலிருந்த பச்சைச் சேலையை உதறிவிட்டாள். "ஐயோ, இதையும் அவதான் தோள்ல போட்டுக் காட்டுனா. வேண்டாங்க, வேற எடுங்க!"

"தாலியறுத்தவளுக்குப் பொட்டு ஒரு கேடு!" என்றது இன்னொரு குரல்.

அம்மா கெட்டவள் அல்ல. மாம்பழச் சேலையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். "நோம்பியும் அதுவுமா..." என்று முணுமுணுத்தாள். நானோ கூட்டத்துக்குப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தேன்! பேசப் பேச, எட்ட நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலாளி வந்தார். கோபிக்கவில்லை. "யாவார நேரமுங்க தம்பி, சத்தம் போடாதீங்க." பிறகு அவளிடம், "நீ கீழ போயி மூட்டை பிரி சாமி."

அவள் பிரித்த சேலைகளையெல்லாம் மடித்து வைத்துவிட்டுத்தான் போனாள். என் பக்கம் திரும்பவில்லை.

விடுமுறை முடிந்து வந்த பழனிச்சாமி என் கட்டிலில் உட்கார்ந்து சொன்னான். "அக்காளுக்கு வேல போயிருச்சுடா. தெரிஞ்சவன் எவனோ கடைக்கு வந்து சொல்லிப்போட்டானாம். ஆருன்னு கேட்டா வாயவே தொறக்க மாட்டீங்கறா."

"ஆருடா அவன்?" என்றேன்.

கேட்டேன்! குரலில் கோபத்தோடு கேட்டேன்!

"உன்னாட்டம் நாலு பேரு இருந்திருந்தா எங்கக்கா ஏன்டா பயந்து சாகோணும்?" என்றான் அவன். நான் மறுக்கவில்லை.

பேச்சுப் போட்டிகளில் அந்தக் கடைக் காட்சியை ஊர் பெயரை மாற்றிச் சொல்லியிருக்கிறேன். கூட்டத்தைச் சாடியிருக்கிறேன். அவள் தலையசைத்ததை மட்டும் விட்டுவிடுவேன். நன்றாகக் கைதட்டினார்கள்...

கடைச் சிப்பந்திகளிடம் நான் ஒருபோதும் எரிந்து விழுந்ததில்லை. வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள். அந்த மரியாதையால் ருக்மணிக்கு என்ன பயன்? இப்போது விசைத்தறிப் பட்டறையில் நூல் சுற்றுகிறாள். பஞ்சுத் தூசியில் ஓயாத இருமல். ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் எதிரே வந்துவிட்டாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

"நல்லாருக்கறயா தம்பி? படிப்பு முடிஞ்சுதா?"

திட்டியிருக்கலாமே! திட்டவில்லையே!

பழனிச்சாமியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். நேற்று சட்டை மாட்டும்போது கை நின்றுவிட்டது. அவள் தம்பியிடம்கூடச் சொல்லாமல் காத்த ஒன்றை, அவளைக் கேட்காமல் போய் உடைக்க நான் யார்? மறுபடியும் அதே வேலையா?

ஞாயிற்றுக்கிழமை பட்டறை விடுமுறை. பள்ளிபாளையம் போகிறேன். முதலில் அவளைக் கேட்கப் போகிறேன். வேண்டாம் என்றால், பேசாமல் திரும்பி பஸ் ஏற வேண்டும்.

அது என்னால் ஆகுமா... தெரியவில்லை.